பண்டல் சீட்டு தெரியும்தானே? அப்புறம் என்ன பயம்!

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. வாரச் சம்பளம் போடுகிற ஊரில் அந்த நேரத்துக்குத் தனி மரியாதை உண்டு. ஓவர்லாக் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். தைக்கிறவர் காது மட்டும் ஆபீஸ் ரூம் பக்கமே இருக்கும். வீட்டு வாடகை, சீட்டுப் பணம், பிள்ளைக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன பரோட்டா, எல்லாம் அந்த ரூமுக்குள்தான் இருக்கிறது. அப்படி ஒரு சனிக்கிழமை, நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் நின்றுபோனது. கரண்ட் இருந்தது. திரையும் எரிந்தது. காலையில் கணக்குக்கார அக்கா ‘பழைய கணக்கு நீக்கு’ என்ற பட்டனை அமுக்கியிருந்தார். அது முடிந்தால்தான் சம்பளத் திரை திறக்கும். முடியவில்லை. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

முதலாளி வந்தார். போனில் சாஃப்ட்வேர்க்காரர். “டேட்டா ஜாஸ்தி ஆயிருச்சுங்க, இந்த சர்வர் பத்தாது, புதுசு ஒண்ணு போட்டுருங்க” என்றார். முதலாளி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஏஞ்சாமி, உனக்கு ஏதாச்சும் தெரியுமா?”

“தெரியலீங்க.”

தம்பி, தங்கச்சி, இந்த ஒரு சொல்லின் மேல்தான் எனக்குக் கோபம். காலை ஏழு மணிக்கு நம் ஊர் சேவூரில் கம்பெனி வேனுக்கு நிற்கும்போதே நாம் அதை டிபன் பாக்ஸோடு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். தெரியலீங்க! யோசித்துப் பார்த்தாயா? பார்க்கவில்லை. திறந்து பார்த்தாயா? அதுவும் இல்லை. கேட்டவர் சட்டை வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான்.

நான் தமிழ் வழியில் ப்ளஸ் டூ முடித்து, கைமடியாகச் சேர்ந்து, செக்கிங் டேபிளில் நின்று, பிறகு பண்டல் சீட்டு எழுத ஆபீசுக்குள் வந்தவன். ஆறு மாதமாக ராத்திரியில் செல்போனைப் பார்த்து டேட்டாபேஸ் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்திருந்தது. இருந்தும் வாய் அப்படிச் சொன்னது. அந்த வாயைத்தான் முதலில் உடைக்க வேண்டும்!

சரி, அந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். அதைப் புரிந்துகொள்ள உனக்கு என்ஜினியரிங் பட்டம் வேண்டாம். கட்டிங் டேபிள் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்றிருந்தால் போதும்.

துணியை அடுக்கி வெட்டுகிறார்கள். வெட்டியதைக் கட்டுக்கட்டாகக் கட்டி ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு செருகுகிறார்கள். ஆர்டர் எண், கலர், சைஸ், எத்தனை பீஸ், எல்லாவற்றுக்கும் மேலே பண்டல் எண். 417 என்று ஒரு பண்டல் இருந்தால் இன்னொரு 417 இருக்கக் கூடாது. எண் இல்லாத பண்டலும் இருக்கக் கூடாது. இதைத்தான் பிரைமரி கீ என்கிறார்கள். அந்தப் பண்டல் ஷோல்டருக்குப் போகிறது, கைக்குப் போகிறது, சைடு ஓவர்லாக், பாட்டம் என்று சுற்றி வருகிறது. ஒவ்வொரு டெய்லரும் தன் பீஸ் கணக்கில் “417, சைடு, 40 பீஸ்” என்று எழுதிக்கொள்கிறார். அந்த நோட்டில் இருக்கிற 417 வேறொரு நோட்டைச் சேர்ந்த எண். அங்கே பிறந்து இங்கே வந்திருக்கிறது. அதற்குப் பெயர் ஃபாரின் கீ.

டெய்லர் கைதவறி 471 என்று எழுதிவிட்டார் என்று வை. சூப்பர்வைசர் என்ன சொல்வார்? “அப்படி ஒரு பண்டலே வெட்டலையே, எந்த ஊர்ல தெச்சே?” ஃபாரின் கீ செக் என்று தடித்தடிப் புத்தகங்களில் எழுதியிருப்பது இந்த ஒரு கேள்விதான். நீ அதை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டிருக்கிறாய். சம்பளம் வாங்காமல் டேட்டாபேஸ் வேலை பார்த்திருக்கிறாய்!

எங்கள் அப்பாருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். திங்கட்கிழமை சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிலக்கடலை ஏலம். குவியலுக்குக் குவியல் எண். முதல் ரகம், இரண்டாம் ரகம், மூன்றாம் ரகம் என்று விலை போகும். அப்பாரு சீட்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, “நம்ம நம்பருக்கு என்ன விழுந்துச்சு?” என்று மட்டும் கேட்பார். பெயரைச் சொல்லிக் கேட்கமாட்டார். அந்தப் பெயரில் அங்கே நாலு பேர் நிற்பார்கள். எண் ஒன்றுதான். பிரைமரி கீயை ஏன் பெயரில் வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் எந்தக் காணொளியிலும் பார்க்கவில்லை.

2017 ஜூலை 1-க்குப் பிறகு நம் பகுதியில் பில் போடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கீ மனப்பாடம்: 15 எழுத்து ஜிஎஸ்டி எண். 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, அடுத்த 10 எழுத்து பான், கடைசி எழுத்து மற்றவை சரியா என்று பார்க்க. நாடு முழுக்கக் கடைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் பிரைமரி கீயைத் தப்பில்லாமல் டைப் பண்ணப் பழகிவிட்டார்கள். யாரும் அதற்கு விழா எடுக்கவில்லை.

இப்போது விஷயத்தின் உள்ளே வா. “471 என்று ஒன்று இருக்கிறதா?” என்று கம்ப்யூட்டர் எப்படிப் பார்க்கிறது? பண்டல் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதில்லை. பிரைமரி கீ போட்டாலே அதன் மேல் ஒரு இண்டெக்ஸ் உருவாகிவிடும், அல்லது டேபிளே, அதாவது அந்த நோட்டே, அந்த வரிசையில் அடுக்கப்படும். 1970-ஐ ஒட்டி, விமானம் செய்கிற போயிங் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் யோசித்து வைத்த பி-ட்ரீ என்ற அமைப்பு அது. பெரிய குடோனை நினைத்துக்கொள். வாசலில் ஒரு பலகை: இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை இந்த வரிசை. வரிசை முனையில் இன்னொரு பலகை: இந்த ரேக். ரேக்கில் ஒன்று: இந்தத் தட்டு. ஒவ்வொரு பலகையும் 200 வழி காட்டினால், மூன்றே பலகையில் 80 லட்சம் சரக்கை எட்டிவிடலாம். 200-ஐ மூன்று முறை பெருக்கிப் பார், நீயே சொல்வாய்.

அதனால் டெய்லர் ஒரு வரி சேர்க்கும்போது நடக்கிற செக் மலிவு. ஃபாரின் கீ சுட்டுகிற இடத்தில் பிரைமரி கீயோ, இரட்டை வராத யுனிக் கட்டுப்பாடோ இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதோடு இண்டெக்ஸும் வந்துவிடுகிறது. இந்தத் திசையில் பிரச்சினை ரொம்ப அபூர்வம்.

அடி விழுவது எதிர்த்திசையில்!

பண்டல் 417-ஐ அழிக்கிறாய் என்று வை. கம்ப்யூட்டர் விடாது. “இந்த 417-ஐ நம்பி பீஸ் கணக்கில் யாராவது வரி எழுதியிருக்கிறார்களா?” என்று கேட்டே தீரும். எழுதியிருந்தால் அழிக்கக் கூடாது, அல்லது அந்த வரிகளும் சேர்ந்து போக வேண்டும். ரெண்டில் எதுவானாலும் முதலில் தேட வேண்டும். எங்கே? பீஸ் கணக்கில். அந்த டேபிளின் சொந்தப் பிரைமரி கீ வேறு, என்ட்ரி எண். பண்டல் எண்ணுக்கு அங்கே இண்டெக்ஸ் இருக்கிறதா? போட்டிருந்தால் இருக்கும். போடாவிட்டால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை புரட்டுவதைத் தவிர அதற்கு வேறு வழியே கிடையாது.

அன்றைக்கு எனக்கு உறைத்தது இதுதான். அழிக்க வேண்டிய பழைய பண்டல்கள் சுமார் 40,000. அவற்றின் பீஸ் வரிகளை புரோகிராம் ஏற்கனவே நீக்கிவிட்டது. மிச்சம் இருக்கிற பீஸ் வரிகள் 20 லட்சம், எல்லாம் புதிய பண்டல்களுடையவை. அப்படியானால் கண்டுபிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை. கிடைத்துவிட்டால் பாதியிலேயே நிறுத்தலாம். “இல்லை” என்று சொல்லக் கடைசி வரி வரை போக வேண்டும். 40,000 பண்டல், ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் வரி. பெருக்கினால் 8,000 கோடி. பாவம், அந்த மெஷின்! அது சோம்பேறி இல்லை. பிசிறு வெட்டுகிற அக்காவிடம் ஒரு பனியனைத் தேடச் சொல்லி முழு குடோனையும் 40,000 தடவை கலைத்து அடுக்கச் சொன்ன மாதிரி அதை வதைத்துக்கொண்டிருந்தோம்.

“தெரியலீங்க” என்று சொல்லி ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். “அண்ணே, போனைக் குடுங்க” என்றேன் முதலாளியிடம். கை நடுங்கியது. பொய் சொல்ல மாட்டேன், குரலும் நடுங்கியது.

“அண்ணே, பீஸ் டேபிள்ல பண்டல் நம்பருக்கு இண்டெக்ஸ் இருக்குதுங்களா?”

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “ஃபாரின் கீ போட்டா அதுவே வந்துருமேப்பா.”

“மை-எஸ்க்யூஎல்ல வருமுங்க. இது போஸ்ட்கிரெஸ். இதுல நாமதான் போடோணும்.”

மறுபடியும் சத்தமில்லை. பிறகு, “திறந்து பாரு” என்றார். பாஸ்வேர்டு மானிட்டரிலேயே ஒட்டியிருந்தது (அதைப் பற்றி வேறொரு நாள் திட்டுகிறேன்). டேபிள் விவரத்தைத் திறந்தேன். இண்டெக்ஸ் பட்டியலில் ஒரே ஒரு வரி, பிரைமரி கீ. பண்டல் எண்ணுக்கு ஒன்றுமில்லை. ஓடிக்கொண்டிருந்த நீக்கலை நிறுத்தினோம். செய்தவரையில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது. பேக்கப் எடுத்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். இல்லை, நான் டைப் செய்யச் செய்ய அவர் ஆமாம் சொன்னார். ஒரே வரி. இண்டெக்ஸ் உருவாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அக்கா மறுபடியும் அந்தப் பட்டனை அமுக்கினார். டீக்கார அண்ணன் தூக்குவாளியோடு உள்ளே வந்து, டம்ளர்களைப் பரப்பி, என் டம்ளரில் ஊற்றுவதற்குள் சம்பளத் திரை திறந்திருந்தது.

சாஃப்ட்வேர்க்காரரை நான் குறை சொல்லவே மாட்டேன். அவர் படித்த டேட்டாபேஸ் அப்படி. மை-எஸ்க்யூஎல்லில் இன்னோடிபி இன்ஜின், ஃபாரின் கீ போடும் நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் இல்லையென்றால் தானே போட்டுக்கொள்ளும். போஸ்ட்கிரெஸும் எஸ்க்யூஎல் சர்வரும் ஆரக்கிளும் போடாது. ஆரக்கிளில் இன்னும் கொடுமை: தாய் டேபிளில் (நம் பண்டல் மாதிரி) ஒரு வரியை அழித்தால், பிள்ளை டேபிளில் (நம் பீஸ் கணக்கு மாதிரி) இண்டெக்ஸ் இல்லாத பட்சத்தில், அந்தப் பிள்ளை டேபிளையே பூட்டும். தைக்கிற லைனில் ஒருவர் பண்டலை நீக்க, மற்ற அத்தனை பேரும் என்ட்ரி போட முடியாமல் நிற்பார்கள். எஸ்க்யூலைட்டின் கதை வேறு. உன் செல்போனுக்குள் இருப்பது அதுதான். அதில் ஃபாரின் கீ செக்கையே வழக்கமாக நீதான் ஒவ்வொரு இணைப்பிலும் ஆன் செய்ய வேண்டும்.

சிலர் என்ன செய்வார்கள் தெரியுமா? மெதுவாக ஓடுகிறது என்றதும் செக்கையே அணைத்துவிடுவார்கள். மை-எஸ்க்யூஎல்லில் அதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. வேகம் வரும், ஆமாம்! செக்கிங் டேபிளைத் தூக்கிவிட்டாலும் பேக்கிங் வேகமாகத்தான் நடக்கும். சரக்கு வெளிநாடு போய்த் திரும்பி வரும்போது தெரியும் அந்த வேகத்தின் விலை. சுவிட்சைத் திரும்பப் போட்டாலும், அணைந்திருந்த நேரத்தில் நுழைந்த தப்பு வரிகளை அது தேடிப் பிடிப்பதில்லை. தாய் இல்லாத வரிகள் உள்ளேயே குடியிருக்கும். இன்னொரு கூட்டம், எல்லா நெடுவரிசைக்கும் இண்டெக்ஸ் போட்டுத் தள்ளும். ஒவ்வொரு இண்டெக்ஸும் ஒரு தனி நோட்டு. ஒரு என்ட்ரி போட்டால் அத்தனை நோட்டிலும் எழுத வேண்டும். தேவையில்லாத நோட்டுக்கு எழுத்துக் கூலி கொடுப்பானேன்? பயந்தவன் செக்கை அணைக்கிறான். அதே பயம் இன்னொருவனை எல்லாவற்றுக்கும் இண்டெக்ஸ் போட வைக்கிறது. புரிந்தவன் எங்கே தேடல் நடக்கிறது என்று பார்த்துவிட்டு அங்கே ஒன்று போடுகிறான்.

“நமக்கு இதெல்லாம் வருமா” என்று கேட்கிறாயா? சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனைக் கேள்விப்பட்டிருக்கிறாயா? சென்னையில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகர் ஆனார். நூலகம் அவர் படித்த படிப்பே இல்லை. போய்க் கற்றுக்கொண்டார். 1933-ல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார், உலகம் முழுக்க நூலகத் துறையில் அதைப் படிக்கிறார்கள். ஒரு புத்தகத்துக்கு ஓர் அடையாளம் கொடுப்பது எப்படி, கேட்டவர் கையில் அலையவிடாமல் அதைச் சேர்ப்பது எப்படி என்பதுதான் அவர் வாழ்நாள் கவலை. கீயும் இண்டெக்ஸும் அதே கவலைதான், கம்ப்யூட்டருக்குள் போயிருக்கிறது. தேடலை ஒழுங்குபடுத்துகிற மூளை நம் மண்ணில் விளையாது என்று இனிமேல் என்னிடம் சொல்லாதே.

டேபிள், கீ என்ற இந்த முழுக் கணக்கையும் 1970-ல் கட்டுரையாக எழுதியவர் எட்கர் காட். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் பறந்தவர். அவர் வேலை பார்த்த ஐபிஎம் அதைச் சரக்காக்க அவசரப்படவில்லை. பழைய சரக்கு நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. 1979-ல் வெளியிலிருந்த ஒரு சின்னக் கம்பெனி முந்திக்கொண்டது. அதுதான் இன்றைய ஆரக்கிள். காடுக்கு டூரிங் விருது 1981-ல் வந்தது. பக்கத்து ரூமில் இருப்பவன் சொல்வதைப் பெரிய இடங்களே இப்படித்தான் காதில் போட்டுக்கொள்ளும். உன் முதலாளி மட்டும் விதிவிலக்காக இருப்பார் என்று எதிர்பார்க்காதே. சொல்வதை நிறுத்தாதே, அவ்வளவுதான்.

போதும் பேச்சு. இன்று ராத்திரி ஒரு வேலை செய். போஸ்ட்கிரெஸ் இலவசம். பழைய லேப்டாப் போதும், நண்பனுடையதாக இருந்தாலும் பரவாயில்லை. பண்டல் என்று ஒரு டேபிள், பீஸ் என்று ஒரு டேபிள். ஜெனரேட் சீரீஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரே வரியில் 20 லட்சம் பொய்க் கணக்கு எழுதித் தரும். ஃபாரின் கீ போடு. பீஸ் வரி இல்லாத பண்டல்களில் ஆயிரத்தை அழி. அழிக்கும் முன் எக்ஸ்பிளெயின் அனலைஸ் என்று சேர்த்துக்கொள். முடிவு வரும்போது மேல் வரிகளைப் பார்த்து ஏமாந்துவிடாதே! அவை பண்டல் டேபிளில் செலவான நேரத்தை மட்டும் சொல்லும். அற்பமாக இருக்கும். கீழே, மொத்த நேரம் சொல்லும் கடைசி வரிக்குச் சற்று மேலே, ட்ரிக்கர் என்று தொடங்கும் ஒரு வரி. அதில் உன் ஃபாரின் கீயின் பெயரும், ஆயிரம் முறை கூப்பிட்டதும், எடுத்துக்கொண்ட நேரமும் இருக்கும். மொத்தக் கூலியும் அங்கேதான் போயிருக்கும். பெரிய பெரிய ஆட்கள் மேல் வரியோடு நின்று “சர்வர் பத்தாது” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நீ கடைசி வரி வரை படி. பிறகு இண்டெக்ஸ் போட்டு இன்னொரு ஆயிரத்தை அழி. அந்த எண் எப்படிச் சுருங்குகிறது என்று உன் கண்ணால் பார். யாரோ மேடையில் “உன்னால் முடியும்” என்று கத்தி வருகிற தைரியம் பஸ் ஸ்டாண்டு வரைகூட வராது. இந்த எண்ணை ஒரு தடவை பார்த்தவனை யாரும் மிரட்ட முடியாது.

போன மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இப்போது நான் இருக்கும் இடத்தில் எங்கள் ஊர் அம்மிணி ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். ஆறு மாதம் முன்பு வரை பேக்கிங்கில் ஸ்டிக்கர் ஒட்டியவள். ஒரு டேபிளில் நீக்கல் இழுத்துக்கொண்டே போனது. நான் போய்ப் பார்த்தேன். பண்டல் எண் இண்டெக்ஸில் இருந்தது. தேதியும் பண்டல் எண்ணும் சேர்ந்த இண்டெக்ஸ். “இருக்குதே, அப்புறம் என்ன?” என்றேன். எனக்கே பிடிபடவில்லை. வேறு அவசரம். “உனக்கு ஏதாவது தெரியுதா கண்ணு?” என்று போகிற போக்கில் கேட்டேன்.

“பாத்துச் சொல்றனுங்க.”

அந்தப் பதிலிலேயே நான் நின்றுவிட்டேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. இண்டெக்ஸ் வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “அண்ணா, வாக்காளர் பட்டியல் தெருவாரியா இருக்குமுங்களே” என்றாள்.

“ஆமா.”

“தெருத் தெரியாம பேரை மட்டும் சொன்னா, எல்லாப் பக்கமும் பொரட்டோணுமுங்க. இதுல தேதி முன்னாடி நிக்குதுங்க. செக் பண்றப்ப அதுகிட்ட பண்டல் நம்பர் மட்டும்தானே இருக்குது?”

நான் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன். உட்கார்ந்து, பண்டல் எண்ணுக்குத் தனியாக ஒரு இண்டெக்ஸ் டைப் செய்ய ஆரம்பித்தாள்.